கோடியக்கரைச் சதுப்பில் மாதா அனுப்பிய ஆள்

மாதாவின் பிள்ளைகளே, என் வீட்டுக்காரர் சவரிமுத்து இன்று உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது மாதா எனக்குப் போட்ட பிச்சை. நடந்ததைச் சொல்கிறேன்.

கழக ஆட்சி வந்த புதிதில் எங்கள் பக்கம் கூலித் தகராறு முற்றியிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக ஓர் அறுப்புக் காலத்தில் மிராசுதாரின் ஆட்கள் இவரைக் களத்தில் போட்டு அடித்தார்கள். பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னவர் பண்ணைக் காரியக்காரர் கோவிந்தராசு. அன்றோடு இவருடைய இரண்டு கால்களும் போயின.

அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டார். கோடியக்கரைக் காட்டில் மானும் பூநாரையும் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். சோறு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட வாய் திறக்காத மனுஷன் கேட்டால் விடுவேனா? தை அமாவாசைக்குக் கடலில் முழுகப் போகிறவர்களுக்குத் தனி பஸ் விட்டார்கள். தச்சர் செய்து கொடுத்த தள்ளுவண்டியைக் கூரையில் கட்டி, இவரைத் தூக்கி உட்காரவைத்து நானும் கிளம்பினேன்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று சரணாலயக் காவலர் சொன்னார். மான்களோ சதுப்புக்கு அந்தப் பக்கம் மேய்ந்தன.

"வயல்ல பொறந்து வளந்தவங்க நாம. இந்தச் சேறு என்னடி பண்ணிடும்? தள்ளு" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வயல் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கும், கால் அங்கே போய் நின்றுவிடும். இந்த உப்புச் சேற்றில் மேல்பக்கம் மட்டும்தான் கெட்டி. பாதி தூரத்தில் சக்கரம் அச்சு வரை இறங்கியது. நான் இழுத்த இழுப்பில் வண்டி சாய்ந்து, இவர் சேற்றில் விழுந்தார்.

அமாவாசையில் கடல் ஏறும் என்பதும் ஆற்றுத் தண்ணீரை மட்டுமே அறிந்த எங்களுக்குத் தெரியாது. பொழுது சாயச் சாய நாலு பக்கமும் தண்ணீர் ஏறியது. கத்தினேன். யாரும் இல்லை. சேறு என் முழங்காலுக்கு மேல். தண்ணீர் இவர் மார்புக்கு வந்துவிட்டது.

"நீ கரையேறிப் போ, ஆரோக்கியம். புள்ளைங்களுக்கு நீயாவது வேணும்" என்றார்.

இவர் தலையை என்னோடு அணைத்துக்கொண்டு அழுதேன். மாதாவே, யாராக இருந்தாலும் சரி, ஓர் ஆளை அனுப்பு என்று வாய்விட்டு மன்றாடினேன்.

பாதையிலிருந்து ஒருவர் கையில் தடியோடு இறங்கி வந்தார். கிட்டே வந்ததும்தான் ஆள் தெரிந்தது. கோவிந்தராசு. பண்ணை வீட்டாரை முழுகக் கூட்டி வந்தவர், என் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். எங்கள் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். மிச்ச உயிரையும் எடுக்க வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவன் கை தன்மேல் படக் கூடாது என்று இவர் திமிறினார். தண்ணீர் கழுத்தைத் தொட்டுவிட்டது.

"ஏங்க, மாதா அனுப்புன ஆளு இவருதாங்க. வேற ஆளு இல்ல" என்றேன்.

கோவிந்தராசு தடியை என்னிடம் கொடுத்து, குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடக்கச் சொன்னார். பிறகு தண்ணீரில் மண்டியிட்டு முதுகைக் காட்டினார்.

"கழுத்தக் கட்டிக்க, சவரி."

இவர் கட்டிக்கொண்டார்.

விழுந்து எழுந்து கரை சேர்ந்தோம். காரியக்காரர் மண்ணில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கால் திரும்பவில்லை. கூலித் தகராறும் ஓயவில்லை. ஆனால் அதுவரை கோவிந்தராசைச் சபித்துவிட்டுத்தான் தூங்குவார் என் வீட்டுக்காரர். இப்போது ஜெபமாலையில் எங்கள் பிள்ளைகள் பெயருக்குப் பிறகு அவர் பெயரையும் சொல்லி வேண்டுகிறார். மாதாவே, உமக்குக் கோடி நன்றி.

ஆபத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் பயப்படாமல் கேளுங்கள். யார் முதுகில் ஏற்றிக் கரை சேர்ப்பது என்பதை மட்டும் மாதாவிடம் விட்டுவிடுங்கள்.