கடல் பார்க்கப் போன காணும் பொங்கல்

காணும் பொங்கலன்று மட்டும் அந்த மலைத் தோட்டத்தின் இரும்புக் கேட்டை ஊராருக்குத் திறந்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு வியாபாரக் குடும்பம் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு குன்றை வாங்கி, அடுக்கடுக்காக மண் கொட்டிப் போட்ட தோட்டம். மற்ற நாளெல்லாம் காவல்காரரும் அவருடைய நாயும்தான் அதை அனுபவித்தார்கள். உச்சியில் நின்றால் கடல் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், எட்டு வயசுக்காரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

படாளத்திலிருந்து வேன் பிடித்து, புளிசாதத் தூக்கோடு கிளம்பினோம். தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று நம்பியது அந்த வேனில் நான் ஒருத்திதான். சித்தியை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டத்தான் பயணம். வீட்டுக்கு வரவழைத்து, பிடிக்கவில்லை என்று போய்விட்டால் தெரு பேசும். அதனால் கூட்டத்தோடு கூட்டமாக, தற்செயலாகச் சந்தித்ததுபோல, கேட்டுக்குப் பக்கத்து மகிழ மரத்தடியில் பார்த்துக்கொள்வதாக மாமா ஏற்பாடு செய்திருந்தார். சித்தி அப்போதுதான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்களாம். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படிக்குப் படி ரோஜா, தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் கல் யானை, கைக்கெட்டும் உயரத்தில் சப்போட்டா! அம்மா மகிழ மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தாள். நான் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, மேல போனா கடல் தெரியுமாம்."

"மெய்யாலுமா?" என்றவள் இரும்புக் கேட் பக்கம் பார்த்தாள். மாமா நாலைந்து பேரைச் சிரித்துச் சிரித்து அழைத்து வந்துகொண்டிருந்தார். "வாடி, போலாம்."

அப்புறம் நான் அவளை இழுக்கவில்லை, அவள்தான் என்னை இழுத்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஏறிய வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. உச்சியில், தென்னந்தோப்புகளுக்கு அப்பால், நிஜமாகவே நீலமாக ஒரு கோடு. நான் கத்திக் குதித்தேன். கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மாமா கூப்புட்றாரு சித்தி."

"காத்துல ஒண்ணும் கேக்கல. நீ கடலப் பாரு."

வேண்டுமட்டும் பார்த்தோம். இறங்கி வந்தபோது மரத்தடியில் அம்மாவும் மாமாவும் மட்டும் இருந்தார்கள். மாமாவின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"எம்மாம் நேரம் நின்னுகினு இருந்தாங்க தெரியுமா? மலையேறிகினு திரியிற பொண்ணு எங்க வூட்டுக்குச் சரிப்படாதுன்னுட்டு மாப்ளயோட அம்மா போயிட்டாங்க."

"நான் இன்னா பண்றதுண்ணா? இதுதான் கடலப் பாக்கணும்னு அழுது அடம்புடிச்சி இழுத்துக்கினு போச்சி," என்று சித்தி என்னைக் காட்டினாள்.

நான் அழவேயில்லை! வாயைத் திறப்பதற்குள் மாமா நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். இப்படி ஒரு பச்சைப் பொய்யை அதுவரை நான் கேட்டதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ என்னை மடியில் இழுத்து இறுக்கிக்கொண்டு, என் தலையில் முகத்தைப் புதைத்து, சத்தமில்லாமல் குலுங்கினாள். குட்டு வாங்கியவள் நானிருக்க, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.