கவிதைக்கு ஒரு படிவம்

கவிதை எழுதுவதென்றாலும் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று பத்து வயதில் நான் முழுமனதாக நம்பினேன். சிரிக்காதீர்கள். போர் ஓய்ந்து, எங்கள் கடற்கரை ஊரான அரிப்புக்கு மீளக்குடியேறத் திரும்பியிருந்த காலம் அது. தகரத்துக்குப் படிவம், வலைக்குப் படிவம், வாளிக்கும் பாய்க்கும் தனித்தனியாகப் படிவம். கவிதை மட்டும் சும்மா வந்துவிடுமா?

மன்னாரிலிருந்து ஓர் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் கவிதைப் பட்டறை நடத்தினார். கிழிந்த வலை பொத்துகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து எழுதினோம். நல்லவை சிறு புத்தகமாக வரும் என்றார். படிமம் இல்லாத கவிதை நிற்காது என்றும் சொன்னார். சொல்லால் கண்முன்னே காட்டும் காட்சியைத்தான் அவர் சொன்னார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு அது படிவம் என்று கேட்டது.

நிலாவைப் பற்றி எட்டு வரி ஏற்கெனவே வைத்திருந்தேன். அதில் நிலாவை அப்பம் என்றிருந்தேன். பசி. படிவம்தான் பாக்கி.

அம்மாவின் தகரப் பெட்டியில் குடும்ப விபரப் படிவமொன்று மிஞ்சிக் கிடந்தது. அப்பா, அம்மா, நான் எல்லாம் சுலபம். அண்ணாவின் வரியில்தான் சிக்கல். எந்தப் படிவத்திலும் அவருடைய 'தற்போதைய இருப்பிடம்' என்ற கட்டத்தை அம்மா வெறுமையாகவே விடுவார். படிவங்களை வாங்கும் கிராம அலுவலர் விதானையார் கேட்டால், பிறகு நிரப்புவதாகச் சொல்லி விடுவார். வெறுங்கட்டத்தோடு போன படிவங்கள் திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். என் நிலாவும் திரும்பி வந்துவிட்டால்? அண்ணா கடலுக்குப் போனவர் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக ஒருவர் கடலில் என்ன செய்வார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நிரப்பினேன். நிலாவோடு சேர்த்துக் குத்தி அக்காவிடம் கொடுத்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே விதானையார் மோட்டார் சைக்கிளில் வந்து, பிழையான விபரம் தந்தவர்களின் வீட்டுத்திட்டம் வெட்டுப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீடு அப்போதுதான் அத்திவார மட்டத்தில் நின்றது. அம்மா தொடாத கட்டத்தைத் தொட்டு வீட்டைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே, முற்றத்தில் வெறுமையாகக் கிடந்த நீலத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறங்கிவிடுவேன். வந்தது பெரும்பாலும் ரொட்டி விற்கும் பாண்காரர். மூன்றாம் நாள் அவரே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பாண் வேண்டாமெண்டால் வாயால சொன்னாக் காணும். இப்பிடி ஒளிக்கத் தேவையில்லை."

நாலாம் நாள் வந்தது பாண்காரர் அல்ல, ஸ்கூட்டரில் பட்டறை அக்கா. கையில் என் படிவம். விதானையாரின் கந்தோருக்குக் கொடுக்க முதல் கேட்க வந்திருக்கிறார் என்று பீப்பாவுக்குள் நான் மூச்சை அடக்கினேன். அவர் அம்மாவுக்கு அதை மெதுவாக வாசித்தார்.

பெயர்: அண்ணா
தொழில்: எனக்குப் பட்டம் கட்டித் தருதல்
தற்போதைய இருப்பிடம்: கடல்
மீளக்குடியேறிய திகதி: சோளகக் காற்று ஓய்ந்ததும்

இதைப் புத்தகத்தில் போடலாமா என்று அக்கா கேட்டார். அம்மா உள்ளே போய் வரும் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா அடிக்கத் தடி தேடுகிறார் என்று நினைத்தேன்.

"போடுங்கோ," என்றார் அம்மா. "அந்தக் கட்டத்தை மட்டும் மாத்தாதேங்கோ."

வீடு வெட்டுப்படவில்லை. புத்தகம் வந்தது. நிலாவைக் காணவில்லை. கடைசிப் பக்கத்தில் என் பெயரோடு படிவம்தான் இருந்தது. எட்டு வரி பாடுபட்டு எழுதியதை விட்டுவிட்டார், இந்த அக்காவுக்குக் கவிதை தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா புத்தகத்தைத் தகரப் பெட்டியில் வைத்தார். அடுத்து வந்த படிவத்திலும் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டார்.

அண்ணா கடலுக்குப் போகவில்லை என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். இடம்பெயர்ந்து போன வழியில் எனக்குத் தாகம் என்று தண்ணீர் எடுக்கப் போத்தலோடு போனவர் திரும்பி வரவில்லை. அம்மாதான் அனுப்பினார்.