உட்கார்ந்தால் நூற்றிருபது, நின்றால் நூற்றைம்பது

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதைச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் சிரித்துச் சிரித்து எனக்கு அலுத்துவிட்டது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. நரம்புக் கோளாறால் தடுமாறுகிறவர்களை நிற்கவும் நடக்கவும் பழக்குவதுதான் என் தொழில், பிறகு அதையே முப்பது வருடம் வகுப்பில் பாடமாகவும் நடத்தினேன். நிற்பது என்றால் எலும்பு, தசை, நரம்பு, எடை, வேறொன்றும் இல்லை என்றுதான் அன்றைக்கும் நினைத்திருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பம்பாயில் பிசியோதெரபி படித்துவிட்டு, சொந்த ஊரான சேலத்துக்கே திரும்பி, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். தைலம் தேய்த்துவிடுகிற பெண் என்றுதான் ஊரில் என்னை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் என் பழைய பேராசிரியர் ஒரு கடிதம் எழுதினார். சென்னையில் புதிதாக வகுப்பு தொடங்கப் போகிறார்கள், பக்கவாதம் வந்த முப்பது பேர் எந்தக் காலில் எவ்வளவு எடை போட்டு நிற்கிறார்கள் என்று அளந்து அட்டவணை அனுப்பு, ஆசிரியை வேலை உனக்குத்தான் என்று. வேலை சுலபம். எடை பார்க்கும் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காலுக்கு ஒன்றாக ஏறி நிற்கச் சொல்வேன். இரண்டையும் கூட்டினால் அவருடைய மொத்த எடை வரவேண்டும், வராமல் எங்கே போகும்?

இருபத்தொன்பது பேருக்கு வந்தது. முப்பதாவது ஆள் மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயி பழனியப்பன், ஐம்பது வயதுக்காரர், இடது பக்கம் விழுந்துபோயிருந்தது. மனைவி நல்லம்மாள் வாரம் இரண்டு முறை பஸ்ஸில் கூட்டி வருவார். பொதுவாக இப்படிப்பட்டவர்கள் கெட்டியான காலில்தான் எடையைப் போடுவார்கள், இவரோ விழுந்துபோன இடது பக்கமே சாய்வார். நிமிர்த்தி விட்டால் மறுபடியும் சாய்வார். கண்ணாடி முன்னால் நிறுத்தினாலும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

"நா நேராத்தானுங்க நிக்கறேன். அம்மிணிதான் சாஞ்சு நிக்கறீங்க."

எனக்கு எரிச்சலாக வரும். மூன்று மாதம் வந்த நாளெல்லாம் இதே பதில் என்றால் உங்களுக்கும் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, ஜன்னலெல்லாம் திறந்து வெயில் அடிக்கிறது, அவரை இரண்டு மெஷினிலும் ஏற்றினேன். வலது கால் அறுபது ராத்தல், அதாவது பவுண்டு. இடது கால் தொண்ணூறு. எழுதிக் கூட்டிவிட்டு அப்படியே நின்றேன், ஏனென்றால் கால் மணி நேரத்துக்கு முன்புதான் நாற்காலியில் உட்காரவைத்து அதோடு நிறுத்து, நாற்காலியைக் கழித்து, நூற்றிருபது என்று எழுதியிருந்தேன். இப்போது நூற்றைம்பது. பக்கத்தில் இருக்கிற கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மேலே இழுத்தால் முள் ஏறும், அது எனக்கும் தெரியும். அதனால் கைகளை மார்பில் கட்டிவைத்தேன். நூற்றைம்பது. மெஷின்களை இடம் மாற்றினேன். நூற்றைம்பது. நானே ஏறி நின்றேன், என் எடை சரியாகக் காட்டியது. நல்லம்மாளை ஏற்றினேன், அவருக்கும் சரி. மறுபடி இவர் ஏறினால் முப்பது ராத்தல் கூடுதல்.

"உங்க மேல ஏதாவது பாரம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"இருக்குதுங்க. எடது தோள்ல. சீக்கு வந்த நாள்லருந்தே இருக்குது."

"யாராவது... ஆளா?"

"ஆரும் இல்லீங்க. சும்மா பாரம். கெட்டதுமில்லீங்க, நல்லதுமில்லீங்க."

நம்பினால் நம்புங்கள், அடுத்த இரண்டு வாரம் அவர் வந்த நாளெல்லாம் இதே கணக்குத்தான். பெரிய டாக்டர் வந்து பார்த்தார், முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு லீவு வேண்டுமா என்று கேட்டார். ஒரு கன்னியாஸ்திரீ எனக்குத் தெரியாமல் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார், அதில் ஒரு மெஷின் துருப்பிடித்ததுதான் மிச்சம். பேராசிரியருக்கு எழுதினேன். முதலில் கூட்டல் கற்றுக்கொள், அந்த ஆளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடு என்று பதில் வந்தது.

போட்டேன். ஆமாம், எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டேன். வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏற மனசு வரவில்லை. கோபத்தில்தான் அதைச் செய்தேன், புத்திசாலித்தனத்தில் இல்லை. சரி, பாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், இடது பக்கம் முப்பது ராத்தல் சுமக்கிறவனுக்கு நான் என்ன செய்வேன்? வலது பக்கமும் அதே அளவு கட்டுவேன். கித்தான் பையில் முப்பது ராத்தல் மணலைக் கட்டி அவருடைய வலது தோளில் மாட்டினேன். உடம்பு விழுந்த ஆளுக்கு அப்படிச் செய்தால் பொத்தென்று வலது பக்கம் சாயவேண்டும், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதுதான் இருக்கும். நான் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

மனிதர் குத்துக்கல் மாதிரி நேராக நின்றார். நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத்தானுங்க அம்மிணி நேரா நிக்கறீங்க."

அறைக்குள் எட்டு அடி நடந்தார். நல்லம்மாள் அழுதுவிட்டார். ஒரே வாரத்தில் தோளில் மணல் பையோடு வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் அவர் வயலுக்கே நடந்து போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

பின்னாளில், இப்படி விழுந்த பக்கமே தள்ளிக்கொண்டு போகிற நோயாளிகளைப் பற்றி வெளிநாட்டில் விளக்கமாக எழுதினார்கள். மூளையில் நேர் எது, சாய்வு எது என்கிற உணர்வு கெட்டுப்போவதாம். சரி, சாய்ந்ததற்குக் காரணம் கிடைத்தது. முப்பது ராத்தலுக்கு? அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அந்த மணல் பை மாட்டி ஆறேழு வருடம் கழித்து, மாணவிகளைப் பயிற்சிக்காக அதே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் நல்லம்மாள் வந்தார். நான் வந்திருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க ஊட்டுக்காரரு போயிட்டாருங்க அம்மிணி. மாசம் ரெண்டாச்சு. கடைசி வரைக்கும் நடந்தாருங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பஸ் கிடைக்கவில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"பாடை தூக்கறப்பத்தானுங்க தொந்தரவாப் போச்சு. எடக்கைப் பக்கம் தூக்குனவங்களால முடியல. ரெண்டு ஆளு பாரம் இருக்குதுன்னு சத்தம் போட்டாங்க. அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பேரு தோள் குடுத்தப்புறந்தானுங்க நேரா போச்சு. அம்மிணி அன்னைக்கு நிறுத்தப்போ எத்தன இருந்துச்சுங்க?"

"முப்பது ராத்தல்."

"அப்பொ வளந்திருக்குது" என்றார்.

தரையில் கிடந்த இரண்டு மெஷின்களையும் அவர் பார்த்தார்.

"என்னையும் ஒருக்கா நிறுத்திப் பாருங்களேன், அம்மிணி."

மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன். பொய். அரை மணிக்கு முன்புதான் ஒரு மாணவி அதில் ஏறி இறங்கியிருந்தாள். நல்லம்மாள் வற்புறுத்தவில்லை. "சரிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, மெஷின்களைச் சுற்றிக்கொண்டு நேராகத்தான் நடந்து போனார், நான் பின்னாலேயே நின்று பார்த்தேன், துளிக்கூடச் சாயவில்லை.

வாசலில் டயர் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார். யார் வந்தாலும் செருப்பின் அடியைப் பார்ப்பது எங்கள் தொழிலில் வந்த பழக்கம், எந்தக் கால் அதிகம் அழுந்துகிறது என்று அதுவே சொல்லிவிடும். காலில் மாட்டுவதற்காக அவர் அவற்றைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினார், அப்போது பார்த்தேன். வலது செருப்பு நேற்று வாங்கியது போல இருந்தது. இடது செருப்பின் குதிகால் தேய்ந்து தேய்ந்து, லாரி டயரின் அந்தக் கனத்த ரப்பர் கரைந்து, உள்ளே இருந்த நூல் வெளியே தெரிந்தது.