எண்ணூர் வானத்துக்கு ஒரு லென்ஸ்

லென்ஸின் பின்பக்க மூடியைத் திருகி எடுத்ததும் சங்கமித்ரா அதில் கண்ணை வைப்பதில்லை. முதலில் மூக்கைத்தான் வைப்பாள். பர்மா பஜாரில் பழைய கேமரா விற்கும் ராசையாவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாமே, நெத்திலிக் கருவாடா அது? மோந்து பாத்துகினு கீற!"

"கருவாடுன்னா கண்ண மூடிகினு வாங்கினு பூடுவேன் நைனா. உன் சரக்குலதான் பூஞ்சை வாசன வருது."

அதற்குப் பிறகுதான் சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்சை எடுத்து லென்ஸுக்குள் அடிப்பாள். கண்ணாடியின் உள்ளே சிலந்தி நூல் போல வெள்ளையாக ஏதாவது ஓடியிருந்தால் அந்த லென்ஸை மூடி ராசையாவின் மடியிலேயே வைத்துவிடுவாள். கடல் காற்று வீசுகிற ஊரில் கேமரா வைத்துப் பிழைக்கிறவர்களுக்குப் பூஞ்சைதான் பங்காளி. அதை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது அவள் கட்சி.

அவளுடைய லென்ஸ்கள் இருப்பது தோல் பையில் இல்லை, எவர்சில்வர் டிபன் டப்பாவில். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். புது செருப்பு அட்டைப்பெட்டியில் கிடக்குமே, அதே பொட்டலம்தான். வண்ணாரப்பேட்டை செருப்புக் கடைக்காரர்கள் அவளுக்கென்றே சேர்த்துவைக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவும் அதே அளவில் இருப்பதால் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு லென்ஸ் என்று திறந்து எலுமிச்சம்பழச் சோற்றைப் பார்த்தவள் அவள். அசரவில்லை. மூடிவிட்டு அடுத்த டப்பாவைத் திறந்தாள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து, திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருப்பவள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சுடிதாருக்கு மேலே பெரிய பாக்கெட் வைத்த ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வாள். பெயரைச் சுருக்கி 'சங்கு' என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அப்பா ஆசையாக வைத்த பெயர், நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், உங்கள் வாய் என்ன வலிக்கவா போகிறது என்பாள். கல்யாண வீட்டில் இறங்கியதும் எவராவது ஒரு பெரியவர், "ஆம்பள யாரும் வரலியாம்மா?" என்று கேட்பது வழக்கம். "பையில மடிச்சி வச்சிகீறேன் சார், தேவப்பட்டா எட்த்து வுடறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஃபுல் ஃபிரேம் கேமரா அவள் கைக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். அதுவும் ராசையா கடையில் வாங்கிய பழசுதான். அந்தக் காலத்து ஃபிலிம் எவ்வளவு பெரியதோ அதே அளவுக்கு உள்ளே படம் பிடிக்கும் சில்லு இருக்கும் என்பதால் அந்தப் பெயர். வாங்கிய சந்தோஷத்தில் பழைய சின்னக் கேமராவின் லென்ஸையே அதில் மாட்டிக்கொண்டு புளியந்தோப்பில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டாள். கண்ணை வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சின்னச் சில்லுக்குச் செய்த லென்ஸ் பெரிய சில்லை நிரப்பவில்லை. நடுவில் வட்டமாகப் படம், சுற்றிலும் கறுப்பு. வேறு லென்ஸ் கையில் இல்லை, குழந்தையோ மாமன் மடியில் உட்கார்ந்து கத்தத் தொடங்கிவிட்டது. முழு விசேஷத்தையும் அந்த வட்டத்துக்குள்ளேயே எடுத்தாள். ஆல்பத்தைப் பார்த்தவர்கள், "இன்னாம்மா, கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி கீது?" என்றார்கள். "இப்போ இதான் பேஷன்" என்றாள் முகம் மாறாமல். அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து அந்த 'ரவுண்டு போட்டோ' கேட்டு வந்தார்கள். அவளுக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெரிய சில்லுக்குத் தகுந்த லென்ஸ் ஒன்றாவது சொந்தமாக வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தாள்.

கையிலிருந்த பணத்துக்கு ஒன்றுதான் முடியும். ராசையா கடையிலோ இரண்டு வந்திருந்தன.

ஒன்று வெள்ளை நிறத்தில் முழங்கை நீளத்துக்கு இருக்கும் ஜூம் லென்ஸ். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டே மணப்பெண்ணின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற இருபத்து நாலு எம்.எம்., ஃபிலிம் காலத்துச் சரக்கு. கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும், கிட்டே கொண்டுவராது, தூரத்திலிருக்கும் எதுவும் எறும்பு போலத்தான் தெரியும். ஆனால் வெளிச்சம் நுழைகிற வாய் பெரியது. கொஞ்சநஞ்ச வெளிச்சம் இருந்தாலும் அள்ளிக் குடிக்கும். கண்ணுக்கு எட்டிய வானத்தில் பெரும் பங்கை ஒரே படத்துக்குள் இழுத்துப் போட்டுவிடும்.

வெள்ளை லென்ஸை வாங்கச் சொன்னது ராசையா மட்டுமல்ல. தேரடி அருகே மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் தேவகிருபை என்ற அம்மாளும் சொல்லியிருந்தார். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கே காலூன்றிய குடும்பம். பொங்கல் கழிந்து மகன் ஷிபினுக்குக் கல்யாணம். சங்கமித்ராவுக்கு அந்த வருஷத்தின் பெரிய ஆர்டர் அதுதான்.

"எனக்கு மத்ததெல்லாம் தெரியாது பிள்ள. கல்யாண வீட்ல வெள்ளையா, நீளமா ஒண்ணு வச்சிக்கிட்டு நிப்பாம்லா, அது வேணும். அது இல்லாம நீ வந்து நின்னா சம்பந்தக்காரவ என்ன நெனப்பாவ?" இதுதான் தேவகிருபை போட்ட ஒரே நிபந்தனை.

அப்படியிருக்க அந்தச் சின்ன லென்ஸை இவள் ஏன் விடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்? அதற்குக் காரணம் ஒரு சிரிப்பு. தென் சென்னையில் ஒரு கேமரா சங்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தாள். நட்சத்திரம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது என்று எழுந்து கேட்டாள். அகலமானதாக இருக்கவேண்டும், வாய் பெரிதாக இருக்கவேண்டும் என்று ஒழுங்காகத்தான் பதில் சொன்னார்கள். எங்கே எடுக்கப்போகிறாய் என்று கேட்டபோது எண்ணூர் என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. அங்கே புகைதானே தெரியும், ஏலகிரிக்குப் போம்மா என்றார் ஒருவர், அன்பாகத்தான்.

"ஏலகிரிக்குப் போனா அது ஏலகிரி வானம் சார். எங்க வானத்த யாரு எடுக்கறது? நட்சத்திரம் இன்னா, டோக்கன் வாங்கினு உங்க ஏரியாவுக்கு மட்டுமா வருது?"

சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் காது மடல் வீடு வரும்வரை சுட்டது. அவளைப் பார்த்துச் சிரித்ததைக்கூட மறந்துவிடுவாள். வானமே இல்லாத ஊர் என்று தன் ஊரைச் சொன்னதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

"விடிஞ்சா தோஸ்து ஒர்த்தன் வந்து வெள்ளைய தூக்கினு பூடுவான். இன்னிக்கு ரெண்டையும் எத்துகினு போ. காலைல ஒண்ண திருப்பிக் குடு" என்றார் ராசையா. அவள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, மோந்து பார்ப்பதுதான் பிடிக்காது.

லென்ஸைச் சோதிக்க அவளுக்கு ஒரு இடம் உண்டு. எண்ணூர் பக்கம் கத்திவாக்கம் கடலோரத்துக் கருங்கல் குவியல். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் தூரத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களில் அந்தி மயங்கியதும் விளக்கு ஏறும். கறுத்த கடல்மேல் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். அவற்றைப் படத்தின் மூலையில் வைத்து எடுத்துப் பார்ப்பாள். மூலையிலும் புள்ளி புள்ளியாகவே நின்றால் நட்சத்திரத்துக்கும் அந்த லென்ஸை நம்பலாம்.

உண்மையைச் சொன்னால், அன்று அந்தச் சின்ன லென்ஸ் தோற்றுவிட்டால் தேவலை என்றுகூட அவளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. தோற்றுவிட்டால் மனக்குறை இல்லாமல் வெள்ளையை வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாமே. லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து முதல் படம் எடுத்தாள். பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த சின்னப்பையன் என்கிற மீனவர் தலையை நீட்டிக் கேமராவின் முதுகிலிருந்த திரையைப் பார்த்தார்.

"இன்னா இது, மூலைல கீற கப்பலுக்கெல்லாம் ரெக்க மொளச்சிகீது?"

ஆமாம், ஓரத்து விளக்குகள் எல்லாம் சிறகு விரித்த காக்கையாகத் தெரிந்தன. அவளுக்கு மனசு லேசானது போலவும் இருந்தது, கனத்தது போலவும் இருந்தது. சும்மா இருக்காமல் லென்ஸின் வாயை ஒரே ஒரு படி குறைத்து மறுபடி எடுத்தாள். சிறகுகள் மடங்கிவிட்டன. மூலைவரைக்கும் சுத்தமான புள்ளிகள்.

"இப்போ ஒயுங்கா கீது" என்றார் சின்னப்பையன்.

"போச்சுடா" என்றாள் சங்கமித்ரா. இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் வெள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே தேவகிருபை கடைக்குப் போனாள். ஒளித்து மறைத்து ஆர்டரைக் காப்பாற்றுவது அவளுக்கு வராது. துவரம்பருப்பு மூட்டைமேல் சின்ன லென்ஸை எடுத்து வைத்தாள்.

"ஆன்ட்டி, இதான் வாங்கிகீறேன். வெள்ள லென்ஸ் கெடையாது. சர்ச்சுல ஃபிளாஷ் அடிக்கக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்ட்டாரு. இருட்டுல இது வெளிச்சத்த நல்லா இழுக்கும். நானே கிட்ட வந்து எடுப்பேன்."

தேவகிருபை அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "ஜாடி மூடி கணக்கால்லா இருக்கு. பாக்க எடுப்பா இல்லியே பிள்ள. பொண்ணு வீட்டுக்காரவ சிரிப்பாவ."

"சிரிக்கட்டும் ஆன்ட்டி. மூஞ்சிய தூக்கி வச்சிகினு நின்னாதான் எனக்குப் பேஜாரு. சிரிச்சா போட்டோ சோக்கா வரும்."

"வாய் மட்டும் நீளமா இருக்கு, லென்ஸக் காணோம்" என்று சொல்லி, லென்ஸை அவள் பக்கமே தள்ளினார் தேவகிருபை. கல்யாண ஆர்டர் தியாகராய நகர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று.

மார்கழி பிறக்கும் சமயத்தில் இரண்டு நாள் விடாத மழை. மழை விட்ட அன்று அமாவாசை. பொழுது சாய்ந்ததும் கத்திவாக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று டமாரென்று வெடித்துத் தெரு, கடை, கோயில் எல்லாம் இருண்டது. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற அனல் மின் நிலையத்தின் காலடியில் அரிக்கேன் விளக்கைத் தேடி ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருக்க, இவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கருங்கல் குவியலுக்கு ஓடினாள். கப்பல் விளக்கில் ஃபோகஸ் பிடித்தாள். வளையம் நகராமலிருக்க நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லென்ஸில் குறுக்காக ஒட்டினாள். அதிக நேரம் திறந்து வைத்தால் பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் கோடாக இழுபட்டுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கேமராவின் முதுகில் வானம் வந்தது. ஓரமாக முகத்துவாரத்துக்கு அப்பால் புகைபோக்கிகள், அவற்றின் சிவப்பு விளக்குகள், காற்றில் சாய்ந்த புகை. அதற்கு மேலே கொத்தாக ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரங்கள். அதைச் சுற்றி அவளுக்குப் பெயர் தெரியாத எத்தனையோ. ஏலகிரியில் இதைவிட நூறு மடங்கு தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று, தெற்குப் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "வந்து பார்ரா டேய்!" அங்கே யார் காதில் விழப்போகிறது? அலைதான் கேட்டது.

தை மாதம் கஷ்டமாகத்தான் போயிற்று. ரேஷன் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முகம் காட்ட வந்தவர்களை வைத்து ஓட்டினாள். ஷிபின் கல்யாணத்தன்று சர்ச் வழியாக மொபெட்டில் போகும்போது வாசலில் வெள்ளை லென்ஸ் பளபளத்தது. ஆனால் வண்டியை மெதுவாக்கவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம் தேவகிருபையே ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். ஷிபின் மனைவியை மஸ்கட்டுக்கு அழைத்துப் போகிறானாம், மருமகளுக்கு அவசரமாக பாஸ்போர்ட் போட்டோ வேண்டுமாம். இதற்காகத் தியாகராய நகருக்கா போகமுடியும்? மருமகள் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். மாமியார் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வானத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது எந்த ஊரு பிள்ள? கொடைக்கானலா?"

சங்கமித்ரா தேவகிருபையின் மணிக்கட்டைப் பிடித்து, செருப்பைக்கூட மாட்டவிடாமல் ஸ்டூடியோவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்து, மத்தியான வெயில் காயும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினாள். வடக்கே கையை நீட்டினாள்.

"இந்த ஊரு."

"அங்கன பொகையில்லா தெரியுது."

"பொகைக்கு மேல பாரு ஆன்ட்டி. பகல்ல தெரியாது. ஆனா அங்கதான் கீது."

தேவகிருபை கண்ணுக்குமேல் கையைக் குடைபிடித்துக்கொண்டு, இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று இரண்டடி முன்னால் வைத்து ரோட்டிலேயே இறங்கிவிட்டார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்தது. சங்கமித்ரா அதன் பக்கம் திரும்பாமலே இடது கையைத் தூக்கி லாரியை நிறுத்தினாள். வலது கை வானத்தைக் காட்டியபடியே இருந்தது.