பச்சையாக ஓடிய தண்ணீர்

சோப்புப் போட்டுக் கழுவினால் உடம்பிலுள்ள நோயெல்லாம் கலராகக் கரைந்து வெளியே வரும் என்று நாலு வயதில் நான் நம்பினேன். இன்று காலை என் கடைக்குட்டியின் பள்ளியில், காய்ச்சல் பரவுகிறதென்று பிள்ளைகளை வரிசையாகக் கை கழுவ விட்டபோது எழுந்த சோப்பு வாசனை, என்னை எங்கள் தெருப் பால்வாடிக்கே இழுத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது பட்டுக்கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நூலை அலசிய தண்ணீரில் கைவிட்டுத் துழாவாமல் நான் பால்வாடிக்குக் கிளம்பியதில்லை. தெருவில் வயிற்றுப்போக்கு பரவிய வாரம், டீச்சர் சோற்றுக்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் சோப்பைத் தேய்த்துச் சொம்பால் தண்ணீர் ஊற்றினார். மற்றவர்கள் கையிலிருந்து வெறும் அழுக்கு போக, என் கையிலிருந்து திங்கட்கிழமை சிவப்பாகவும் செவ்வாய்க்கிழமை பச்சையாகவும் ஓடியது.

"ஐய, இவனுக்கு ரெண்டு நோய் இருக்குது டீச்சர்!" என்று கத்தினாள் பின்னால் நின்ற கமலா.

"சும்மா இரும்மா, அது சாயம்" என்று டீச்சர் சிரித்தார்.

என்னைத் தேற்றப் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன். நோயாளி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் புதன்கிழமை முட்டை போய்விடுமே! அதனால் புதன்கிழமை, கமலாவின் ஈரக் கையைப் பிடித்து என் கையை நனைத்துக்கொண்டு, சோப்பே படாமல் தட்டின் முன் உட்கார்ந்து, மூன்றாவது நோய் என்ன கலராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே முட்டையைத் தின்றேன்.

அந்த வாரம் எங்கள் பால்வாடியில் வயிற்றுப்போக்கு வந்தது எனக்கு மட்டும்தான்.