சீனக் கோயில் வாசலில் செருப்பு

பினாங்குத் துறைமுக நகரை நடந்தே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் என் மனைவி. வேகாத வெயிலில் முணுமுணுத்தபடி பின்னால் போனேன். அடுத்தடுத்து தேவாலயம், பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், சீனக் கோயில். எங்கள் ஊரான பாறசாலையில் எந்தச் சாமியானாலும் செருப்பு வாசலோடு நின்றுவிடும். சீனக் கோயிலுக்குள்ளோ எல்லோரும் செருப்போடே போனார்கள்.

"நாமளும் போட்டுட்டே போவோம். களவு போனா நான் எப்பிடி நடக்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"சாமிக்க முன்ன செருப்பா? கழத்துங்க" என்றாள்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எங்கள் செருப்புகளைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினேன். நாங்கள் கழற்றியதைப் பார்த்துத் தானும் வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று கழற்றிப் போட்டிருந்த செருப்புக் குவியலுக்கு அடியில் அவை கிடந்தன.

"கண்டியளா, இனி இதும் பாறசாலையாக்கும்" என்றாள்.