காத்தாயி பார்த்த காத்தாயி படம்

இன்று பதுளையில், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் மனைவியரான துரைசாணிமார் வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். திரைச்சீலைகள் என் ஜவுளிக் கடையில் வாங்கியவை என்பதால் எனக்கும் அழைப்பு.

முதற்பரிசு பெற்ற படத்தில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். அதை வரைய மாதிரியாக நின்ற கொழுந்து பறிக்கும் காத்தாயியையே தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரவழைத்து, படத்தருகே நிறுத்தியிருந்தார்கள்.

அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"மொதலாளி, இது நானாங்க?"

"ஆமாம்மா."

"கூடை முதுகுல இல்லாம இடுப்புல இருக்கு. கையில பூரா முத்தின இலை. இப்படிப் பறிச்சா கங்காணி மலைய விட்டே வெரட்டிருவாரு!"

படம் வரைந்த துரைசாணி ஆவலோடு வந்து, "என்ன சொல்கிறாள்?" என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். என் கடைக்குப் பெரிய வாடிக்கை அவர்தான்.

"படம் தத்ரூபமாக இருக்கிறதாம்" என்றேன்.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

காத்தாயிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நான் சொன்னதுக்கா தட்டுறாங்க? தப்பச் சொன்னா ஒத்துக்கிறாங்களே! எங்க கங்காணிக்கு இந்த நல்ல கொணம் கெடையாதுங்க."

அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் யாரிடம் சொல்லியிருப்பீர்கள்?